நீக்கப்பட்ட ஒரு சொல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007இல் ஸ்டெம் செல் குறித்த நெறிமுறைகளைக் கூட்டாக வெளியிட்டபோது, அந்த ஆவணத்தின் தலைப்பில் 'ஆராய்ச்சி', 'சிகிச்சை' என இரண்டு சொற்கள் இருந்தன. 2013இல் திருத்திய வடிவம் வந்தபோது இரண்டாவது சொல் இல்லை. அச்சுப்பிழை அல்ல. ஸ்டெம் செல் இன்னும் நிலைபெற்ற வைத்திய முறையாகிவிடவில்லை என்பதை வலியுறுத்தவே அந்தச் சொல் எடுக்கப்பட்டது என்று விளக்கமும் தந்திருந்தார்கள். 2017இல் வந்த அடுத்த பதிப்பிலும் அது திரும்பவில்லை. ரத்த சம்பந்தமான சில நோய்களுக்குச் செய்யும் மாற்று தவிர மற்றதெல்லாம் பரிசோதனை என்ற எல்லைக்குள்தான் நடக்க வேண்டும் என்பது நிலை.

ஒரு குழு கூடி ஒரு சொல்லை அடித்திருக்கிறது. கேட்டதும் ஆறுதல் தருகிற சொல்லை, அது சுட்டும் பொருள் இன்னும் உண்டாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக. நம்மில் எத்தனை பேர் நம் கவிதைகளில் இதைச் செய்திருக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது. விமர்சனம் என்ற பெயரில் நான் கேட்டு வருவதும் ஏறக்குறைய இதைத்தான். அப்படிப்பட்ட நான், அந்தச் சொல் அடிபட்டுப் பத்து ஆண்டுகள் கழித்து, 2023 ஆடி மாதத்தில், அதை என் கைப்பட ஒரு வங்கிப் படிவத்தில் எழுதிச் சேர்த்தேன்.

வெண்ணந்தூரில் எங்கள் தெருக்காரர் அவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டும் பழக்கம். நாலு விசைத்தறி சொந்தம். 51 வயதில் தொடங்கியது. தறியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, கணக்கில்தான் தெரிந்தது. ஒரே ஆளுக்கு வாரக் கூலியை இரண்டு தடவை கொடுத்தார். ராசிபுரத்தில் பஸ் ஏறியவர் ஊரில் இறங்காமல் அட்டையாம்பட்டி வரை போய், அங்கே கடைத்தெருவில் சாயங்காலம்வரை நின்றிருந்தார். குடி என்றார்கள் தெருவில். குடிக்காத மனிதர். கடன் தொல்லை என்றார்கள். சேலத்தில் ஒரு மருத்துவர் ஸ்கேன் பார்த்து அல்சைமர் என்று சொல்லும்போது இரண்டு வருஷம் ஓடிவிட்டது. 65க்கு முன்பே பிடிக்கிற வகை. தமிழில் இந்த நோய்க்கு 'முதுமை மறதி' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். முதுமை வராதவரை அது பிடிக்காது என்று நம்பும்படியாக அந்தப் பெயர் ஒரு வீட்டை இரண்டு வருஷம் ஏமாற்றியது.

இதில் ஒரு சரித்திர முரண் உண்டு. இந்த நோயின் முதல் நோயாளியே கிழவி அல்ல. 1901இல் ஃபிராங்ஃபர்ட் மனநல விடுதியில் அலோய்ஸ் அல்சைமர் முன்னால் உட்கார்ந்திருந்த அகுஸ்டே டெட்டருக்கு வயது 51. கணவர் ரயில்வே குமாஸ்தா. அவருடைய பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்னாள். தன் பெயரை எழுதச் சொன்னபோது 'திருமதி' என்பதோடு கை நின்றுவிட்டது. மீதியை மறுபடி மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1906இல் அவள் இறந்த பின் மூளையைச் சீவிப் பார்த்து அவர் கண்டதைத்தான் 1910இல் கிரேப்பலின் தன் பாடநூலில் அல்சைமரின் பெயரால் குறித்தார். அன்று அது நடுவயதின் நோய். கிழவர்களுக்கு வருவதும் அதுதான் என்ற ஒப்புதல் பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. வந்த பின் நடுவயதுக்காரர்கள் விதிவிலக்காகிப் போனார்கள்.

அண்ணனின் மனைவியை அக்கா என்பேன். அவர் நகைக்கடன் கவுண்டருக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நினைவைப் பற்றி எழுதும்போது இந்த வாக்கியமே கொஞ்சம் கூசுகிறது. அப்ரைசர் உரைகல்லில் இழைத்துக்கொண்டிருந்தார். அக்கா பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே நீட்டினார்.

"ஊசி போட்டா மூளையில செல்லு புதுசா மொளைக்குமாங்க தம்பி. மூணு தடவை போகோணும். நாலரை லட்சம் ஆகுமாம்."

பிரசுரத்தின் அட்டையில் மண்ணைப் பிளந்து எழும் ஒரு முளை. ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் 'குருத்தணு' என்கிறார்கள். அழகான சொல்தான். வாழையை வெட்டிப் போட்ட சில மணி நேரத்தில் வெட்டுவாயிலிருந்து குருத்து எட்டிப் பார்ப்பதைக் கண்டவர்கள் நாங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் கண்முன் வருவது அதுதான். சொல் நல்லதாக இருப்பதே இங்கே ஆபத்து.

நான் எழுதினேன். 'கடனின் நோக்கம்' என்ற இடத்தில்: கணவரின் மருத்துவச் சிகிச்சை.

நகை மதிப்பில் நூற்றுக்கு 75க்கு மேல் தர அப்போது விதி இல்லை. கிடைத்தது போதவில்லை. இருவர் பெயரிலும் இருந்த ஒரு டெபாசிட்டை முறிக்க வேண்டி வந்தது. அதற்கு அண்ணனின் கையெழுத்து வேண்டும். மறுநாள் கூட்டி வந்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், யாரென்று தெரியாமல், மரியாதைக்காக. பேனாவைக் கொடுத்து இடத்தைக் காட்டியதும் போட்டார். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டேன். இழுப்பு, சுழி, கடைசிப் புள்ளி எல்லாம் அச்சு அசல். அகுஸ்டே டெட்டருக்குக் கை மறந்திருந்தது; அண்ணனுக்கு மறக்கவில்லை. செய்து செய்து கைக்குப் பழகியவை இந்த நோயில் பெரும்பாலும் பின்னால்தான் போகின்றன.

1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு வங்கித் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்தது. ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் அதைப் புரிந்துகொள்ளவும், தன் நன்மைக்கு அது என்ன செய்யும் என்று பகுத்துத் தீர்மானிக்கவும் முடிகிறவரே தெளிந்த மனமுடையவர். அந்தப் பிரிவு தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையெழுத்துச் சரி என்று குறித்தேன். கையெழுத்து சரியாகத்தானே இருந்தது.

இனி, அந்த ஊசியைப் பற்றி. அதைப் பற்றி அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் விஷயத்தின் கசப்பு.

ஸ்டெம் செல் மோசடியல்ல. நம் வேலூரிலேயே, கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அந்தக் கல்லூரியோடு சேர்ந்த ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தார், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, குறைபட்ட மரபணுவின் சரியான பிரதியை அதில் ஏற்றித் திருப்பிச் செலுத்தி, கவனித்த காலம் முழுக்க அவர்களுக்கு ரத்தக் கசிவு இல்லாமல் இருந்ததை 2024 டிசம்பரில் உலகறிய வெளியிட்டார்கள். ஆனால் ரத்தம் என்பது வேறு ஸ்திதி. ரத்த அணு பிறக்கிறது, வேலை செய்கிறது, சாகிறது. தன் இடத்தில் வந்தவனுக்கு அது எதையும் விட்டுச் செல்ல வேண்டியதில்லை. நேற்றைய ரத்தம் இன்றைய ரத்தத்துக்கு அந்நியம். அதனால் மாற்ற முடிகிறது.

மூளையில் பொருள் செல்லில் இல்லை, செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள பிணைப்பில் இருக்கிறது. இதை எனக்கு விளங்கவைத்தது புத்தகம் அல்ல, அண்ணனின் தொழில். விசைத்தறியில் ஒரு பாவு தீர்ந்தால் அடுத்ததை அப்படியே ஏற்றி ஓட்டிவிட முடியாது. பழைய பாவின் கடைசித் துண்டை அச்சிலும் விழுதிலும் அறுக்காமல் விட்டுவைத்து, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். அச்சுப் பிணைத்தல் என்பார்கள். மூவாயிரம், நாலாயிரம் இழைகள். குந்தி உட்கார்ந்தால் பகல் முழுக்கப் போகும். அண்ணன் அதில் கெட்டிக்காரர். பழைய நுனி இருப்பதால்தான் புதிய நூலுக்குத் தன் இடம் தெரிகிறது. நுனி போய் அச்சு காலியாகிவிட்டால், எந்த இழை எந்த விழுதுக்கு என்று அறிந்த ஒருவர் முதலிலிருந்து கோக்க வேண்டும். மூளையில் அப்படி அறிந்தவர் யார்? ஐம்பது வருஷம் வாழ்ந்து வாழ்ந்துதான் அந்தக் கோவை உண்டானது. நூல் மட்டும் கொண்டுவந்து கொட்டினால் தறி நெய்யாது. (உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. இங்கே பாவு தீர்ந்து தறி நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே இழைகள் அறுகின்றன.)

பார்க்கின்சன் நோயில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே முக்கியமாகச் சாவது டோபமைன் சுரக்கும் ஒருவகை செல். 2025இல் ஜப்பானிலும் வட அமெரிக்காவிலும் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த அத்தகைய செல்களைச் சில நோயாளிகளின் மூளைக்குள் வைத்துப் பார்த்ததில் அவை தங்கின, சுரந்தன என்று அறிவித்தார்கள். அல்சைமரில் ஒருவகையும் ஓரிடமும் இல்லை. சியோலில் தொப்புள்கொடி ரத்தத்து ஸ்டெம் செல்களை ஒன்பது அல்சைமர் நோயாளிகளின் மூளைக்குள் நேராகவே ஊசியால் செலுத்தி 2015இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய தீங்கு நேரவில்லை. நோயின் ஓட்டமும் குறையவில்லை. இன்னொன்று: இந்த வகை செல்கள் புதிய நரம்பணுவாக முளைக்கும் என்று கவனமான ஆராய்ச்சியாளர்கள் சொல்வதில்லை. அவை கசியவிடும் சில பொருள்கள் அழற்சியைத் தணிக்கலாம், இருக்கும் செல்களைக் கொஞ்சம் பாதுகாக்கலாம் என்பதே எதிர்பார்ப்பு. அதாவது தறிக்கு எண்ணெய் விடுவது. பிரசுரத்தின் முளை ஆய்வகத்தின் எதிர்பார்ப்பில்கூட இல்லை. இந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும், நிதானமாக, பல வருஷங்கள் நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆராய்ச்சிக்கு உட்படுகிறவரிடம் ஆராய்ச்சிச் செலவை வசூலிக்கக் கூடாது என்பது மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் வருஷத்து அறநெறியிலேயே இருக்கிறது. அது ஆராய்ச்சி என்றால் நாலரை லட்சம் எதற்கு? சிகிச்சை என்றால் அந்தச் சொல்தான் அடிபட்டுவிட்டதே. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கல்லாப்பெட்டி வைத்திருக்கிறார்கள்.

நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது பேச்சு உடனே தத்துவத்துக்குத் தாவியது. பலித்தது என்றே வைத்துக்கொள், புதிய செல்களோடு எழுந்து வருபவர் அதே ஆளா? ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் எனக்கும் ஜான் லாக் நினைவுக்கு வந்தார். தன் நூலின் 1694ஆம் வருஷத்து இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், ஓர் இளவரசனின் பிரக்ஞை முழுவதும் செருப்புத் தைப்பவனின் உடலுக்குள் புகுந்தால் அந்த ஆள் இளவரசனே என்கிறார். நினைவு எதுவரை நீள்கிறதோ அதுவரை ஆள். இந்தக் கணக்கில் அண்ணன் ஆளாகக் குறைந்துகொண்டே வருகிறார். ஒருநாள் இல்லாமல் போவார், உடல் மட்டும் சோறு கேட்கும். வங்கியின் தத்துவம் நேர் எதிர்: கையெழுத்து ஒத்தால் ஆள். இரண்டு தத்துவங்களும் அன்று என் கவுண்டரில் கைகோத்துக்கொண்டன. அவர் இல்லை என்பதால் அவரிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் இருக்கிறார் என்பதால் அவர் பணத்தை எடுக்க முடிந்தது.

மணிமேகலையில் மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் பழம்பிறப்பு தெரிகிறது. தான் இலக்குமியாக இருந்ததும், இராகுலன் கணவனாக இருந்ததும், அவனே இப்போது உதயகுமாரனாகப் பின்தொடர்வதும். நிலைத்த ஆன்மா என்று ஒன்று இல்லை என்கிற சமயத்தின் காவியம் இது. ஆனாலும் அவளுக்கு நினைவில்லாதிருந்த காலத்திலும் அந்தப் பந்தம் அவிழ்ந்துபோகவில்லை. நினைவு வந்தபோது உண்டானதும் அல்ல. நினைவு அறுந்தாலும் பட்டதும் பட வேண்டியதும் அறுவதில்லை என்று அதை வாசிக்கிறேன். லாக்கைவிட இது அண்ணனுக்கு நியாயம் செய்கிறது. பயம் அவருக்கு வருகிறது. வலி வருகிறது. ஊசி குத்தினால் குத்துவது அவரைத்தான், குத்தியதைப் பத்து நிமிஷத்தில் மறந்தாலும்.

நம் கவிதைகளில் 'மறதி' வெகு நாளாக ஒரு சொகுசுச் சொல். விடுதலை, கரைதல், சுயத்தின் சுமை இறங்குதல் என்று அதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படி எழுதிய ஒரு தொகுப்பைப் பாராட்டியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைக்கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே அழும் ஒருவரைப் பார்த்த பின் அந்தப் பாராட்டை வாபஸ் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

நான் ஏன் சொல்லவில்லை? எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் எல்லாம் மரியாதையானவை. வாடிக்கையாளரின் செலவில் குமாஸ்தா தலையிடக் கூடாது. நான் மருத்துவன் அல்ல. நம்பிக்கையைப் பறிக்க நான் யார்? மூன்றாவதுதான் கனமானது. நம்பிக்கை என்பதை நாம் சம்சாரிகளின் கடைசிச் சொத்து போலவும், அதைத் தொடுவது பாவம் போலவும் பேசுகிறோம். ஆனால் அக்கா கொண்டுவந்த நம்பிக்கை அவருடையதே அல்ல, அவருக்கு விற்கப்பட்டது. அவருடைய சொந்த ஆசை எவ்வளவு சிறியது என்று பிற்பாடுதான் தெரிந்தது. "என்னையத் தெரியாட்டிப் போகுது தம்பி, பயப்படாம தூங்கினாப் போதும்" என்றார் ஒரு நாள். அதற்குச் செய்யக்கூடியவை சில உண்டு: ராத்திரி வெளிச்சம், கழிவறைக் கதவில் ஒரு படம், மாறாத நேரத்தில் சோறு, கையில் ஏதாவது நூல் வேலை, பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. நாலரை லட்சம் ஆகாது. முளை படம் போட்ட பிரசுரம் அந்தச் சிறிய ஆசையை வெட்கப்படவைத்து, அதன் இடத்தில் பெரியது ஒன்றை வைத்துவிட்டது. நான் காத்தது அந்தப் பெரியதை.

அண்ணனிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மறந்துவிடப் போகிறவரிடம் எதற்கு என்பது எல்லோரும் பேசாமலே ஒத்துக்கொண்ட விஷயம். மறந்துவிடுவார் என்பதாலேயே ஒருவரிடம் பொய் சொல்லலாம் என்றால், தூங்குகிறவனிடம் திருடலாம் என்பதும் சரிதான்.

மூன்று ஊசியும் போட்டார்கள். மாற்றம் ஒன்றும் இல்லை. இருந்ததும் வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தறி விலைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் நகையைத் திருப்பி மறுபடி வைக்க அக்கா வந்தார், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. புதிய படிவம், அதே இடம், கடனின் நோக்கம். 'இதர' என்று எழுதினேன். தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு, "போன தடவை ஆஸ்பத்திரிச் செலவுன்னு போட்டீங்களே தம்பி" என்றார்.

சொன்னேன். அந்த ஊசி இந்த நோய்க்கு வைத்தியம் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை, அப்படி ஊசி போட்டுக் காசு வாங்க அனுமதியும் இல்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டேன். அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னேன், அவரிடம் சொல்வதாகவே. அவர் கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், "சரிங்க சார்" என்றார்.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டாவது ஊசியிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க தம்பி" என்றார்.

"அப்புறம் எதுக்கு மூணாவது?"

"பாதியில நிறுத்தினா இவரைக் கைவிட்ட மாதிரி ஆயிருமே."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர் டோக்கனை நீட்டினார். அக்கா நகைப்பொட்டலத்தை அப்ரைசர் பக்கம் நகர்த்தினார். அண்ணன் பேனாவைக் கேட்டார், எங்கே போட வேண்டும் என்று. அன்றைக்கு அவர் கையெழுத்துத் தேவைப்படவில்லை.